டிரை ரீஸ்லிங்: லேபிளிலும் தட்டிலும் நடக்கும் தவறுகள்

ரீஸ்லிங் என்ற திராட்சையில் செய்யும் ஜெர்மன் வெள்ளை ஒயினைக் குறை சொல்பவர்கள் பெரும்பாலும் தவறான பாட்டிலை வாங்கியிருப்பார்கள், அல்லது சரியான பாட்டிலைத் தவறான உணவோடு திறந்திருப்பார்கள்.

முதல் தவறு லேபிளில் நடக்கிறது. கபினெட், ஸ்பேட்லெஸே என்ற சொற்கள் ஒயினின் இனிப்பைச் சொல்வதில்லை. பறிக்கும்போது திராட்சை எவ்வளவு பழுத்திருந்தது என்பதையே சொல்கின்றன. வெறும் 'ஸ்பேட்லெஸே' பெரும்பாலும் இனிக்கும். 'ஸ்பேட்லெஸே ட்ரோக்கன்' இனிக்காது. தேட வேண்டிய சொல் 'ட்ரோக்கன்', அதாவது டிரை, இனிப்பில்லாதது. லிட்டருக்கு 4 கிராம் வரை சர்க்கரை மிஞ்சியிருந்தால் அது ட்ரோக்கன். ஒயினில் அதற்கு ஈடான புளிப்பு இருந்தால் 9 கிராம் வரை சட்டம் அனுமதிக்கிறது. 'ஃபைன்ஹெர்ப்' என்ற சொல்லுக்குச் சட்ட வரையறை கிடையாது, லேசான இனிப்பை எதிர்பார்க்கலாம். சந்தேகம் வந்தால் ஆல்கஹால் அளவைப் பாருங்கள். 8 சதவீதம் என்றால் ஆல்கஹாலாக மாறாத சர்க்கரை நிறைய மிஞ்சியிருக்கிறது. 12, 13 என்றால் அநேகமாக டிரை.

டிரை என்றால் துவர்ப்பு என்று நினைப்பதும் தவறு. துவர்ப்பு, திராட்சைத் தோலோடு ஊறும் சிவப்பு ஒயினின் குணம். டிரை ரீஸ்லிங்கில் முன்னால் நிற்பது புளிப்பு. உணவைத் தேர்ந்தெடுக்கும்போது அந்தப் புளிப்பைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

பாயசம் குடித்த வாய்க்கு மோர் கூடுதலாகப் புளிக்கும் அல்லவா, அதேதான் இங்கேயும். தேன் தடவிச் சுட்ட கோழி, இனிப்புச் சாஸ், மாம்பழச் சட்னி எல்லாம் ட்ரோக்கனை வெறும் எலுமிச்சைச் சாறாக்கிவிடும். 'ரீஸ்லிங் இந்திய உணவுக்குப் பொருந்தும்' என்று சொல்வதைக் கேட்டு மிளகாய்க் காரம் தூக்கலான குழம்போடு ட்ரோக்கன் ஊற்றுவதும் ஏமாற்றம்தான். காரத்தை உணரும் அதே நரம்பு முனைகளை ஆல்கஹாலும் தூண்டும். எரிச்சலைத் தணிக்கச் சர்க்கரையும் இல்லை. காரத்துக்கு ஜெர்மனியின் மோசல் பகுதியிலிருந்து வரும் இனிப்புள்ள கபினெட்டே சரி.

ட்ரோக்கனுக்கு ஏற்றவை உப்பும் கொழுப்பும். வெண்ணெயில் பொரித்த டிரௌட் மீன், பன்றி அல்லது கன்று இறைச்சியைத் தட்டையாக்கி ரொட்டித்தூளில் புரட்டிப் பொரிக்கும் ஷ்னிட்செல், பன்றி இரைப்பைக்குள் இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்த பஃபால்ஸ் பகுதியின் ஸௌமாகன். உப்பு புளிப்பை மட்டுப்படுத்தும், புளிப்பு நாக்கில் படிந்த வெண்ணெயைக் கழுவிவிடும். ஷ்னிட்செல் மேல் எலுமிச்சையைத் தாராளமாகப் பிழிந்துவிட்டால் இந்தக் கணக்கு குலைந்துபோகும். உணவு ஒயினைவிடப் புளித்தால் ஒயின் சப்பென்று ஆகிவிடும். வினிகர் அதிகமுள்ள சாலட்டுக்கும் இதே கதிதான்.

வெள்ளை அஸ்பாரகஸ் என்ற தண்டுக் காய் மட்டும் தனி விஷயம். ஜூன் 24-உடன் ஜெர்மனியில் அதன் பருவம் முடிகிறது, அதுவரை தினமும் அதைச் சாப்பிடுகிற வீடுகள் உண்டு. நுனிக்குக் கீழிருந்து அடிவரை தோலை முழுதாகச் சீவ வேண்டும். கொஞ்சம் விட்டாலும் நார் வாயில் சிக்கும். அடியில் 2 செ.மீ. வெட்டி, உப்பும் ஒரு சிட்டிகைச் சர்க்கரையும் ஒரு துண்டு வெண்ணெயும் சேர்த்த நீரில், கட்டைவிரல் பருமன் தண்டுகளை 12 முதல் 15 நிமிடம் வேகவைக்கலாம். இதன் மெல்லிய கசப்போடு மோசலின் கூர்மையான ரீஸ்லிங் சில நேரம் மோதும். ஃபிராங்கன் பகுதியில் சில்வானர் திராட்சையில் செய்யும் டிரை வெள்ளை ஒயின், பொக்ஸ்பாய்ட்டல் என்ற தட்டையான பாட்டிலில் வருவது, இதற்கு இன்னும் நல்ல துணை. புளிப்பு அடக்கமானது, மணமும் அஸ்பாரகஸை மூடாது. வெண்ணெயும் முட்டை மஞ்சள் கருவும் சேர்ந்த ஹாலண்டேஸ் சாஸ் ஊற்றினால் ரீஸ்லிங்கும் தாங்கும்.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் ஊற்றாதீர்கள். 4 டிகிரியில் மணம் எழாது, புளிப்பு மட்டுமே தெரியும். 8 முதல் 10 டிகிரி போதும். 'ஜிஜி' (GG, க்ரோஸெஸ் கெவெக்ஸ்) என்று பொறித்த உயர்தர டிரை ஒயினுக்கு 12 வரை போகலாம். பாட்டிலை 15, 20 நிமிடம் வெளியே வைத்தால் சரியாகும். கோடையில் அதில் பாதி நேரமே போதும். கோப்பையை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம், மீதி இடம் மணத்துக்கு.

சில வருடம் வைத்திருந்த ரீஸ்லிங்கில் பெட்ரோல் வாடை வந்தால் கெட்டுவிட்டதென்று கொட்டிவிடாதீர்கள். இந்தத் திராட்சையில் வயதோடு உருவாகும் டிடிஎன் என்ற சேர்மத்தின் மணம் அது. அடியிலோ கார்க்கிலோ மின்னும் படிகங்களும் கண்ணாடித் துகளல்ல. குளிரில் படிந்த டார்டாரிக் உப்பு. பாட்டிலைச் சற்று நேரம் நிமிர்த்தி வைத்து மெதுவாக ஊற்றினால் அவை அடியிலேயே தங்கிவிடும்.