தடுப்பூசி நாளிலேயே கேட்டுவிடுங்கள்

குழந்தைக்கு 6-ஆவது வாரத் தடுப்பூசி போடப் போகும் அன்றைக்கே, அடுத்த கர்ப்பத்தைத் தள்ளிப்போடும் வழியையும் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். இதற்கென்று இன்னொரு நாள் அலைய வேண்டாம்.

மாதவிலக்கு திரும்பட்டும், பிறகு பார்க்கலாம் என்று இருப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். முதல் மாதவிலக்குக்கு முன்பே கருமுட்டை வெளிவந்துவிடலாம். அது வெளியே தெரியாது. பிரசவத்துக்கும் அடுத்த கருத்தரிப்புக்கும் நடுவே குறைந்தது 24 மாதம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இடைவெளி மிகக் குறைந்தால் தாய்க்கு ரத்தசோகையும், அடுத்த குழந்தைக்குக் குறைமாதப் பிறப்பு, எடைக்குறைவு போன்றவையும் வரும் வாய்ப்பு கூடுகிறது. தாய்ப்பால் கொடுத்தால் அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அப்படிக் கொடுப்பவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கலந்த கருத்தடை மாத்திரை முதல் 6 மாதத்துக்குப் பொதுவாக வேண்டாம், கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனமான காப்பர்-டி போட்டுக்கொள்ளலாம்.

குழந்தைக்கு 6 மாதம் ஆகாமல், இரவு பகலாகத் தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிலக்கும் வராமல் இருந்தால் அதுவே நல்ல தடுப்புதான். மூன்றில் ஒன்று தவறினாலும் நம்பாதீர்கள். பிரசவத்தின்போதே காப்பர்-டி போட்டவர்களுக்கும் கருத்தடை அறுவை செய்தவர்களுக்கும் இந்தக் குறிப்பு தேவையில்லை. வயது 35-ஐத் தாண்டியவர்கள், கருச்சிதைவு ஆனவர்கள் 24 மாதக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் டாக்டரிடம் பேசி முடிவு செய்யலாம்.