மேப்பிள் சாறு பக்கெட்டுக்கு வராம மரத்துலயே வழிஞ்ச கதை

ஒன்டாரியோல எங்க வீட்டுக்குப் பின்னாடி ரெண்டு சுகர் மேப்பிள் மரம் நிக்குது, அதோட இனிப்புச் சாறு எடுத்து சிரப் காய்ச்சலாம்னு போன மார்ச்சுலதான் முதல் தடவை துளை போட்டேன். பக்கெட்ல சொட்டுறதவிட பட்டையில வழியுறதுதான் ஜாஸ்தி. பாத்தா, சாறு வடிய ஓட்டையில சொருக வாங்குன குழாய் 5/16 இன்ச், நான் மாட்டுன ட்ரில் பிட் 7/16! இன்னொரு ஓட்டை போட்டு மரத்த புண்ணாக்க மனசு வரல, அதே ஓட்டைக்கு 7/16 குழாய் வாங்கி சுத்தியலால மெதுவா தட்டுனேன், தட்டுற சத்தம் கட்டையா மாறுனதும் நிறுத்திட்டேன், அதுக்கு மேல அடிச்சா மரம் விரிஞ்சு மறுபடி ஒழுகும்.

அடுத்து மூடி. திறந்த பக்கெட்ல மழைத்தண்ணி, பூச்சி எல்லாம் மிதக்குது. சுமார் 40 லிட்டர் சாறு காய்ச்சுனாத்தான் 1 லிட்டர் சிரப், இதுல மழைத்தண்ணிய வேற யாரு காய்ச்சுறது? கூரை மாதிரி சரிஞ்ச மூடியோட அலுமினிய பக்கெட் வாங்கிட்டேன். பழைய பெயின்ட் டப்பா பக்கம் மட்டும் போயிடாதீங்க.