குளிர்கால மனச்சோர்வை உடற்குறிகளால் இனங்காண்பது எப்படி?

மனச்சோர்வு என்றதும் உறக்கம் கெட்டு, உணவு வெறுத்து, மெலிந்துபோனவரையே நாம் எண்ணிக்கொள்கிறோம். குளிர்காலத்தில் வரும் பருவகால மனச்சோர்வோ பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக வெளிப்படுவதால், வீட்டாரின் கண்ணுக்கு அது வெறும் சோம்பலாகவே படுகிறது. டிசம்பர் பிற்பகுதியில் ஒன்பது மணி நேரப் பகல்கூட இல்லாத டொராண்டோ போன்ற நகரங்களில், இருட்டில் வேலைக்குப் புறப்பட்டு இருட்டிலேயே வீடு திரும்புவோர் பின்வரும் மாற்றங்களைக் கவனித்து எழுதிவைப்பது நல்லது.

முதலில் உறக்கத்தைப் பாருங்கள். வழக்கத்தைவிட நீண்ட நேரம் உறங்கியும் களைப்புத் தீராமல், காலையில் எழுவதே பெரும்பாடாக இருந்தால் அந்த நேரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்தது பசி: சோறு, ரொட்டி, இனிப்பு ஆகியவற்றின் மீது அடக்க முடியாத நாட்டம், குறிப்பாகப் பிற்பகலிலும் மாலையிலும், எழுகிறதா என்றும், அதனால் எடை கூடுகிறதா என்றும் பாருங்கள். பண்டிகை விருந்துகளால் எவருக்கும் எடை கூடும் என்பதால், எடையை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. கைகால்கள் ஈயத்தைக் கட்டியதுபோல் கனப்பது இன்னொரு குறி. கேட்டாலொழிய இதைப் பலர் சொல்வதில்லை.

இக்குறிகளைவிட அவை வந்துபோகும் காலமே முக்கியமானது என்பேன். இலையுதிர்காலத்தில் தொடங்கி வசந்தத்தில் விலகும் சோர்வு, மகிழ்ச்சியின்மையோடும் எதிலும் நாட்டமின்மையோடும் சேர்ந்து, குறைந்தது இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து திரும்பி வந்திருக்கிறதா என்பதையே மருத்துவர் முதலில் கேட்பார். சிலருக்குக் கோடையிலும் இது வருவதுண்டு. அப்போது உறக்கமும் பசியும் குறைகின்றன.

தைராய்டு சுரப்புக் குறைவிலும் இதே களைப்பும் எடைக்கூடுதலும் குளிர் தாங்காமையும் தோன்றும். இரத்தசோகையும் உடலை இப்படித் தளர்த்தும். ஆகவே இரத்தப் பரிசோதனை செய்யாமல் நீங்களாகவே நோய்க்குப் பெயர் சூட்டிக்கொள்ள வேண்டாம். காலையில் அரை மணி நேரம் பயன்படுத்தும் 10,000 லக்ஸ் (ஒளிச்செறிவின் அளவு) ஒளிவிளக்கு பலருக்கு உதவுகிறது என்றாலும், கண்நோய் உள்ளவர்களும், இருமுனைக் கோளாறு (மிகையான எழுச்சியும் ஆழ்ந்த சோர்வும் மாறிமாறி வரும் மனநோய்) உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதை வாங்கக் கூடாது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் குறிப்பேட்டையும் பரிசோதனையையும் தள்ளிவைத்துவிட்டு, கனடாவில் இருப்பவர்கள் எந்நேரமும் 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழைக்கலாம்.