கார்க், பர்பிள், பிரேக் ஆஃப்: வான்குதிப்புச் சொற்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் உள்ள எங்கள் குளுவாங்கில் ஒருவர் பால்மரம் வெட்டப் போகிறேன் என்று சொன்னால், மரத்தைச் சாய்க்கப் போகிறார் என்று யாரும் நினைப்பதில்லை. பட்டையில் கோடு கீறிப் பால் இறக்கப் போகிறார் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வெளியூரிலிருந்து வருகிறவர்தான் திகைத்துப் போவார். தொழிலுக்குள் புழங்குகிற சொல் அப்படித்தான். கேட்டால் ஒன்று தோன்றும், மர நிரையில் நின்று வேலை செய்கிறவரிடம் அதற்குப் பொருள் வேறு.

வான்குதிப்பிலும் இதே கதைதான். வார இறுதியில் பாலம் தாண்டிச் சிங்கப்பூர் போய், செந்தோசாவில் 2011-இல் திறந்த ஐஃப்ளை காற்றுச் சுரங்கத்தில் பறந்து பழகும் தம்பிகள் சிலர் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். விமானத்திலிருந்து குதிக்க வேண்டும் என்று காசு சேர்க்கிறவர்களும் உண்டு. ஒட்டுக்கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டே அவர்கள் பேசுவதைக் கேட்கிறேன். ஆர்வம் நிறைய இருக்கிறது. சொற்களில்தான் பாதி தவறான பொருளில் வருகின்றன. கடையில் தவறாகச் சொன்னால் ஒன்றும் ஆகாது. விமானக் கதவருகே நின்று தவறாகச் சொன்னால், கூடக் குதிக்கிறவருக்கு எலும்பு முறியும், உயிரே போகலாம்.

எல்லாத் தவறுக்கும் வேர் ஒன்றே. ஒரு சொல்லைக் கற்கும்போது உடல் எப்படி இருக்கிறது என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்கிறோம். கால் எங்கே, கை எங்கே, தலை எங்கே. ஆனால் இந்தச் சொற்கள் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு வேகம் இருக்கிறது. வேகத்தை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டால் பாதிச் சொல்தான் கையில் இருக்கும்.

முதலில் சின்னக் குழப்பம் ஒன்றைத் தீர்த்துவிடலாம். வயிறு கீழே பார்க்காமல் யார் எப்படிப் பறந்தாலும் நம் பிள்ளைகள் அதை ஃப்ரீஸ்டைல் என்கிறார்கள். ஃப்ரீஸ்டைல் வேறு, ஃப்ரீஃப்ளை வேறு. ஃப்ரீஸ்டைல் 1980-களில் வளர்ந்தது. ஜிம்னாஸ்டிக்ஸும் நடனமும் போல ஒருவர் உடலை நீட்டி, வளைத்து, சுழன்று காட்டும் கலை அது. டியன்னா கென்ட் போன்றவர்கள் அதற்கு வழி போட்டார்கள். ஃப்ரீஃப்ளையை 1990-களின் தொடக்கத்தில் வளர்த்தவர் ஓலாவ் ஸிப்ஸர். உட்கார்ந்தும் நின்றும் தலைகீழாகவும், உடலை எந்தத் திசையில் திருப்பினாலும் கட்டுப்பாட்டோடு பறப்பது அது. போட்டியிலும் இரண்டும் தனித்தனி. ஃப்ரீஸ்டைல் அணியில் இருவர்: ஆடுகிறவர் ஒருவர், படமெடுப்பவர் ஒருவர். ஃப்ரீஃப்ளை அணியில் மூவர்: ஆடுகிறவர்கள் இருவர், படமெடுப்பவர் ஒருவர். விமானத்தை விட்ட நொடியிலிருந்து 45 வினாடிகளுக்குள் ஆடி முடிக்க வேண்டும்.

இங்கே இன்னொரு தவறும் ஒட்டிக்கொண்டு வருகிறது. "கேமராமேன் சும்மா படம் பிடிக்கிறவர்தானே" என்று சொல்வது. அவரும் போட்டியாளர். நடுவர்கள் பார்ப்பது அவர் எடுத்த படத்தைத்தான், அவர் பறந்த விதத்துக்கும் மதிப்பெண் உண்டு. அவரை அணியில் எண்ணாமல் பேசுவது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

அடுத்தது ஹெட் டவுன். குளுவாங் என்ற பெயரே பழந்தின்னி வௌவாலுக்கு மலாயில் வழங்கும் கெலுவாங் என்ற சொல்லிலிருந்து வந்தது. தலைகீழாகத் தொங்கும் உயிரின் பெயரை வைத்துக்கொண்ட ஊர்க்காரர்கள் ஹெட் டவுனைத் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது என்று எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஹெட் டவுன் என்றால் ஆற்றில் தலைகுப்புறப் பாய்வது போல என்று நினைக்கிறார்கள். பாய்கிறவர் ஓர் இடத்தை நோக்கிப் போகிறார், அவ்வளவுதான். ஹெட் டவுனில் பறக்கிறவர் தலைகீழாகவே முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகர்வார், நண்பரின் முகத்துக்கு நேரே அசையாமல் நிற்பார், கை நீட்டிப் பிடிப்பார்.

அந்தச் சொல்லுக்குள் இருக்கும் வேகத்தைப் பாருங்கள். வயிறு கீழே பார்க்கக் கிடந்து விழுந்தால் மணிக்கு ஏறத்தாழ 190 முதல் 200 கிலோமீட்டர். ஹெட் டவுனில் 240 முதல் 290 வரை போகும். சிட், அதாவது உட்கார்ந்த நிலை, இரண்டுக்கும் நடுவில். ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில் குதிக்கும்போது, வயிற்று நிலையில் குடை, அதாவது பாராசூட், விரிக்க ஒரு நிமிடம் வரை கிடைக்கும். ஹெட் டவுனில் முக்கால் நிமிடம் கிடைத்தாலே பெரிது. வயிற்று நிலையில் பழகிய மனம் இன்னும் நேரம் இருக்கிறது என்றே சொல்லும். அதை நம்பக் கூடாது, உயரமானியைத்தான் நம்ப வேண்டும்.

டாஃபி என்பதை ஒரு வித்தை என்று நினைப்பவர்களும் உண்டு. அது கால் வைக்கும் முறை மட்டுமே. ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால். இரண்டு காலையும் பக்கவாட்டில் விரித்தால் ஸ்ட்ராடில். தலைகீழாகவும் டாஃபி வைக்கலாம், நின்ற நிலையிலும் வைக்கலாம். ஆகவே "டாஃபி பண்ணேன்" என்று மட்டும் சொன்னால் கேட்பவருக்கு ஒன்றும் விளங்காது.

இனி கார்க். இதைப் பற்றி நான் நீளமாகவே சொல்ல வேண்டும்.

கார்க் என்றால் தக்கை. தண்ணீருக்கடியில் தக்கையை அழுத்திப் பிடித்துக் கையை விட்டால் சட்டென்று மேலே பாயும் அல்லவா, பெயர் அங்கிருந்து வந்தது. சிட்டிலோ ஹெட் டவுனிலோ பறக்கிறவர் நிலை தவறி, முதுகோ வயிறோ காற்றுக்கு முழுதாக விரிந்துவிட்டால் அவர் கார்க் ஆகிவிட்டார் என்பார்கள். இதைக் கரணம் போட்டு விழுவது, தடுமாறுவது என்ற பொருளில் நம் பிள்ளைகள் சொல்கிறார்கள். "சும்மா கொஞ்சம் கார்க் ஆனேன், அண்ணே" என்று ஒரு தம்பி சிரித்துக்கொண்டே சொன்னபோது எனக்கு வயிறு கலங்கியது.

டன்னலில், அதாவது கீழிருந்து மேலே காற்று அடிக்கும் அந்தக் காற்றுச் சுரங்கத்தில், கார்க் ஆனால் உண்மையாகவே மேலே போவோம். விசிறி அதே வேகத்தில் ஊதிக்கொண்டிருக்கும், உடல் மட்டும் திடீரென்று அகலமாகிவிடும், காற்று தூக்கிக்கொண்டு போகும். நான் சிட் பழகத் தொடங்கிய நாட்களில் கால் மேலே ஏறி, முதுகு விரிந்து, ஒரே நொடியில் மேலே போய்விட்டேன். பயிற்சியாளர் வந்து பிடித்து இறக்கினார். அந்த அனுபவம் மட்டும் இருப்பவர்கள் வானத்திலும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறார்கள்.

வானத்தில் யாரும் மேலே போவதில்லை. படத்தில் அவர் மேலே பாய்வது போலத் தெரியும், ஏனென்றால் படமெடுப்பவர் பழைய வேகத்தில் விழுந்துகொண்டே இருக்கிறார். உண்மையில் கார்க் ஆனவர் வேகம் குறைந்துவிட்டார். 260-இல் போனவர் கணப்பொழுதில் 190-க்கு வந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு நேர் மேலே இன்னொருவர் 260-இல் வந்துகொண்டிருந்தால், இருவருக்கும் நடுவில் மணிக்கு 70 கிலோமீட்டர் வித்தியாசம். ஆயர் ஈத்தாம் சாலையில் மோட்டார் சைக்கிளில் 70-இல் வந்து, நிற்கிற ஒன்றின்மேல் மோதுவது போன்ற அடி அது. அதனால்தான் பயிற்சியாளர்கள் யாருக்கும் நேர் மேலேயோ நேர் கீழேயோ பறக்காதே என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். கார்க் என்பது தனி ஒருவரின் தடுமாற்றம் இல்லை. அது மேலே இருப்பவரின் உயிர். தன் நிலையை இன்னும் உறுதியாகப் பிடிக்கத் தெரியாதவர் பெரிய குழுவோடு தலைகீழாகக் குதிக்கவே கூடாது என்பது என் கருத்து.

இதோடு சேர்ந்த இன்னொரு சொல் ஃப்ரீஃப்ளை ஃப்ரெண்ட்லி. புதியவர்களுக்கு ஏற்ற உடுப்பு என்று ஒருவர் இதற்குப் பொருள் சொல்லக் கேட்டேன். அப்படி இல்லை. முதுகில் இருக்கும் குடைப்பையைப் பற்றிய சொல் அது. காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடித்தாலும் மூடிகள் திறக்கக் கூடாது, கைப்பிடிகள் வெளியே வரக் கூடாது, தொடை வார்கள் நழுவக் கூடாது. அப்படி இறுக்கமாக அமைந்த பைக்குத்தான் அந்தப் பெயர். ஹெட் டவுன் வேகத்தில் குடை தானாக விரிந்துவிட்டால் அதிர்ச்சியில் உடல் காயப்படும், குடையும் கிழியலாம். கார்க் ஆனது போலவே மேலே இருப்பவருக்கும் ஆபத்து.

பர்பிள் என்பதைப் பபிள் என்று சொல்கிறவர்கள் அதிகம். குமிழிக்கும் இதற்கும் தொடர்பில்லை. விழுகிறவரின் உடல் கீழிருந்து வரும் காற்றைத் தடுக்கிறது, அதனால் அவருக்கு மேலே காற்று சிதறிச் சுழன்று கலங்கிப் போகிறது. அந்தக் கலங்கிய காற்றுதான் பர்பிள். செம்பனைக் குலை ஏற்றிய லாரிக்குப் பின்னால் நெருங்கி மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இது உடனே புரியும். எதிர்காற்று திடீரென்று இல்லாமல் போய், வண்டி ஒரு நொடி முன்னே இழுக்கும், தலைக்கவசம் ஆடும். வானத்தில் இன்னொருவரின் பர்பிளுக்குள் நுழைந்தால் தாங்கிக்கொண்டிருந்த காற்று போய்விடும், அவர்மேலேயே விழுவோம். பர்பிள் மற்றவர்களுக்கு மட்டும்தான் என்று நினைப்பதும் தவறு. குடையை இழுத்து விரிக்கும் சின்னக் குடை நம் முதுகுக்கு மேலே நம்முடைய பர்பிளிலேயே சிக்கி, விரியாமல் தயங்கி நிற்பதும் உண்டு.

சுழற்சிகளின் பெயர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குட்டிக்கரணம் போல முன்னால் சுற்றினால் ஃப்ரண்ட் லூப், பின்னால் சுற்றினால் பேக் லூப். படுத்தபடி பீப்பாய் உருள்வது போல உருண்டால் பேரல் ரோல். வண்டிச் சக்கரம் போலப் பக்கவாட்டில் கை, தலை, கால் என்று சுற்றினால் கார்ட்வீல். லேஅவுட் என்பதைப் பலர் புதிய சுழற்சி என்று நினைக்கிறார்கள். உடலை மடக்காமல் நேராக நீட்டிக்கொண்டு லூப் போடுவதற்குத்தான் அந்தப் பெயர்.

தமிழில் எழுதிப் படிக்கிற நமக்கு மட்டும் வரும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆங்கிலத்தில் வேறு வேறாக இருக்கும் சொற்கள் நம் எழுத்தில் ஒன்றாகிவிடுகின்றன. பிரேக் ஆஃப் என்று ஒரு தம்பி குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தான். என்ன பொருள் என்று கேட்டேன். "பிரேக்கை விடறது, அண்ணே" என்றான். அவன் மேல் தப்பில்லை, எழுத்து அப்படி. குடை விரிந்த பிறகு வேகத்தைக் குறைக்கப் பிடித்து இழுக்கும் பிரேக்கும் உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் பிரேக் ஆஃப்பில் இருப்பது அந்த brake அல்ல, break. அதாவது பிரிந்து போவது. முன்கூட்டியே பேசி வைத்த உயரம் வந்ததும் ஆட்டத்தை விட்டு, ஒருவருக்கொருவர் முதுகு காட்டித் திரும்பி, விலகிப் போக வேண்டும். அப்படி உடலை நீட்டி வழுக்கிக்கொண்டு தூரம் போவதற்கு டிராக் என்று பெயர். போதிய தூரம் போனதும் இரண்டு கையையும் ஆட்டிக் காட்டுவது வேவ் ஆஃப். அதைக் கேமராவுக்கு டாட்டா காட்டுவது என்று நினைக்கிறார்கள். குடை விரிக்கப் போகிறேன், மேலே யாராவது இருந்தால் விலகுங்கள் என்கிற எச்சரிக்கை அது. ஃப்ரீஃப்ளை செய்கிறவர்கள் பிரேக் ஆஃப் உயரத்தைக் கூடுதலாக வைத்துக்கொள்வார்கள், ஏனென்றால் குடை விரிப்பதற்கு முன் அந்த வேகத்தைக் குறைக்கவும் நேரம் வேண்டும்.

ஸ்வூப் என்ற சொல்லில் இரண்டு பொருள் உண்டு. முன்னால் குதித்தவர்களைப் பிடிக்க மேலிருந்து பாய்ந்து வருவதும் ஸ்வூப், குடை விரித்தபின் தரையை ஒட்டி வேகமாக வழுக்கி இறங்குவதும் ஸ்வூப். எதைச் சொல்கிறார் என்று கேட்டுவிடுவது நல்லது. எல்லாரும் சிதறிக் குழம்பிப் போன குதிப்புக்கு ஸூ டைவ் என்று பெயர், விலங்குத் தோட்டத்துக்குப் போவது அல்ல. ஒரு வித்தையை முதல் தடவை செய்தவரிடம் பீர் என்று கத்துவார்கள். எல்லாருக்கும் வாங்கித் தர வேண்டும் என்பது வழக்கம். குடிக்காத வீட்டுப் பிள்ளைகள் சங்கடப்பட வேண்டாம், குளிர்பானம் வாங்கித் தந்தாலும் மகிழ்ச்சியாக ஏற்றுக்கொள்வார்கள்.

சரி, இதையெல்லாம் தமிழாக்கிவிட்டால் என்ன என்று கேட்கிறார்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் ஃப்ரீ ஃபாலைச் சுதந்திர வீழ்ச்சி என்று எழுதியதைப் பார்த்தால் மனம் வலிக்கிறது. தடையின்றி விழுதல் என்று இயற்பியலில் படித்திருக்கிறோம், அது நல்ல தமிழ். வான்குதிப்பில் மட்டும் அதுவும் முழுதாகப் பொருந்தாது. காற்றின் தடை இருப்பதால்தான் முற்றுத் திசைவேகம், அதாவது அதற்கு மேல் கூடாமல் நிற்கும் வேகம், வருகிறது, கையையும் காலையும் வைத்து அந்தத் தடையை ஆளுவதுதான் இந்தக் கலையே. ஆகவே வீட்டிலும் கடையிலும் தமிழில் விளக்கிப் புரிந்துகொள்ளுங்கள். விமானத்துக்குள் ஏறிவிட்டால் எல்லா நாட்டவரும் சொல்கிற அந்தச் சொல்லையே சொல்லுங்கள். அங்கே புதிய பெயர் வைக்க நேரமில்லை.

கடைசியாக டர்ட் டைவ். மண்ணில் போய் விழுவது என்று இதற்குப் பொருள் சொன்னவர்கள் உண்டு. குதிப்பதற்கு முன் தரையிலேயே அந்தக் குதிப்பை நடந்து, குனிந்து, திரும்பிப் பார்ப்பதுதான் அது. தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டு நினைவிருக்கிறவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். யார் எந்த நிரை என்று அங்கே தெரிந்துகொள்ளாமல் யாரும் மரத்தடிக்குப் போனதில்லை. டர்ட் டைவில் தலையாட்டிவிட்டு, புரியாத சொல்லை மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதுதான் நான் பார்த்ததிலேயே அதிகமாக நடக்கும் தவறு.

இப்போது சனிக்கிழமை மாலை கோவில் பின்னால் உள்ள திடலில் தம்பிகளோடு இதைச் செய்கிறோம். ஒவ்வொருவரும் தன் முறை வரும்போது சொல்லைச் சொல்ல வேண்டும், எந்த வேகம் என்று சொல்ல வேண்டும், தனக்கு மேலேயும் கீழேயும் யார் என்று கை காட்ட வேண்டும். போன வாரம், குறிப்பேட்டில் பிரேக் ஆஃப் எழுதிய அதே தம்பி நடுவில் நிறுத்தி, "அண்ணே, இந்த இடத்துல நீங்க கார்க் ஆனா நான் உங்க மேலதான் இருப்பேன்" என்றான். எல்லாரும் இரண்டடி தள்ளி நின்று மறுபடி தொடங்கினோம்.