மெஷின் வாங்கும் முன்: சின்ன அளவில் டி-ஷர்ட் பிரிண்டிங் தொழில் தொடங்குவது எப்படி?

டி-ஷர்ட் பிரிண்டிங் ஆரம்பிக்க நினைக்கும் பலர் முதலில் விசாரிப்பது பிரிண்டரின் விலையைத்தான். கடன் வாங்கி டி.டி.எஃப் பிரிண்டரை (டிசைனைப் பிலிமில் அச்சடிப்பது, பிறகு அதைச் சட்டைக்கு மாற்ற வேண்டும்) இறக்கிவிட்டு, ஆர்டர் வராமல் வட்டி கட்டிக்கொண்டிருப்பவர்கள் நிறைய. அந்தப் பிரிண்டரில் ஓடும் வெள்ளை இங்க்கை சும்மா விட்டால் அடியில் படிந்து, இங்க்கைத் தெளிக்கும் ஹெட்டை அடைத்துவிடும். தினமும் ஓட்டுகிற அளவுக்கு வேலை இல்லாதவருக்கு அது செலவு வைத்துக்கொண்டே இருக்கும்.

அதனால் இங்கே நான் சொல்லப்போகும் வழி வேறு. பிரிண்டைச் சூட்டில் அழுத்தித் துணியில் ஒட்டும் ஹீட் பிரஸ் மட்டும் சொந்தமாக வாங்குங்கள். பிரிண்டை மீட்டர் கணக்கில் வெளியே அடித்து வாங்குங்கள். துணியும் பிரஸ்ஸும் கணக்கும் கைக்கு வந்தபிறகு மெஷினைப் பற்றி யோசிக்கலாம்.

படி 1: எந்த முறை என்று முடிவு செய்யுங்கள்

ஸ்க்ரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ஸ்க்ரீன், அதாவது டிசைன் எடுத்த வலைச் சட்டம், எடுக்க வேண்டும். ஒரே டிசைன், ஒன்றிரண்டு நிறம், நூறு இருநூறு பீஸ் என்றால் அதைவிட மலிவாக எதுவும் இல்லை. பத்து பீஸுக்கு ஸ்க்ரீன் எடுத்தால் கட்டுப்படியாகாது. சப்ளிமேஷன் என்பது சூட்டில் சாயத்தை ஆவியாக்கித் துணிக்குள் ஏற்றுவது. அது பாலியஸ்டர் துணியில், அதுவும் வெள்ளை அல்லது வெளிர் நிறத்தில் மட்டுமே எடுபடும். கபடி, கால்பந்து ஜெர்சிகளுக்கு அது சரியாக வரும். காட்டன் பனியனில் சப்ளிமேஷன் போட்டால் முதல் துவைப்பிலேயே மங்கிவிடும்.

டி.டி.எஃப் என்பது பிலிமில் அச்சடித்து, பசைப் பவுடர் தூவி, சூட்டில் உருக்கித் தருவது. காட்டன், பாலியஸ்டர், கறுப்பு, வெள்ளை என எதிலும் ஒட்டும். ஒரு பீஸ்கூடப் போடலாம். தொடங்குபவருக்கு இதுதான் என் பரிந்துரை. பெரிய ஆர்டர் வந்தால் ஸ்க்ரீன் பட்டறைக்கு ஜாப் ஒர்க் கொடுத்துவிடுங்கள். எல்லா வேலையையும் நாமே செய்ய வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

படி 2: துணியைப் படியுங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது. பிரிண்ட் எவ்வளவு அழகாக இருந்தாலும், துணி சுருங்கினால் வாங்கியவர் உங்களைத்தான் திட்டுவார்.

திருப்பூருக்கு ஒருமுறை நேரில் போய் வாருங்கள். ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே காதர்பேட்டை. கடைக்குக் கடை பிளாங்க் டி-ஷர்ட், அதாவது எதுவும் அச்சிடாத சட்டை, அடுக்கி வைத்திருப்பார்கள். ஏற்றுமதியில் மிஞ்சிய எக்ஸ்போர்ட் சர்ப்ளஸும் கிடைக்கும், சின்னக் குறையுள்ள செகண்ட்ஸும் கிடைக்கும். விலையைக் கேட்கும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எத்தனை ஜி.எஸ்.எம்? நூறு சதவீதம் காட்டனா? பயோ வாஷ் செய்ததா?

ஜி.எஸ்.எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். ரவுண்ட் நெக்குக்கு 180 நல்ல அளவு. 140-க்குக் கீழே போனால் வெள்ளைச் சட்டையில் உள்ளே இருப்பது தெரியும். கடைக்காரர் சொல்வதை வீட்டில் சோதிக்கலாம். ஒரு சாம்பிள் பீஸிலிருந்து சரியாக 10 செ.மீ.க்கு 10 செ.மீ. சதுரம் வெட்டி, நகை எடைபோடும் சின்னத் தராசில் வையுங்கள். 1.8 கிராம் காட்டினால் அது 180 ஜி.எஸ்.எம். 1.5 காட்டினால் 150-ஐத்தான் உங்களுக்கு 180 என்று கொடுத்திருக்கிறார்கள்.

வெட்டிய துண்டிலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். காட்டன் காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாகும். பாலியஸ்டர் கலந்திருந்தால் உருகி, நுனியில் கெட்டியான மணிபோல் நிற்கும்.

சுருக்கத்துக்கு இன்னொரு சாம்பிள். துணியில் நீளவாக்கில் 50 செ.மீ. அளந்து பேனாவால் குறியுங்கள். மூன்று முறை துவைத்துக் காயவைத்து மறுபடி அளங்கள். 47.5-க்கு வந்திருந்தால் 5 சதவீதச் சுருக்கம். அதற்கு மேல் போனால் அந்தக் கடையை விட்டுவிடுங்கள்.

பயோ வாஷ் என்பது என்சைம் போட்டு, துணியின் மேல் நிற்கும் பிசிறு நூல்களைத் தின்னவைப்பது. பிசிறு இல்லாத துணியில் பிரிண்ட் சமமாக உட்காரும். பீஸுக்குக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தாலும் தப்பில்லை.

வாங்கும்போது லாட்டையும், அதாவது ஒரே முறையில் சாயம் போட்ட தொகுதியையும், கவனியுங்கள். ஒரே நேவி ப்ளூ என்றாலும் ஒவ்வொரு முறை சாயம் போடும்போதும் ஷேடு கொஞ்சம் மாறும். நாற்பது பேர் வரிசையாக நிற்கும் குரூப் போட்டோவில் அது பளிச்சென்று தெரியும். ஒரு ஆர்டருக்கான மொத்தப் பீஸையும் ஒரே லாட்டில் எடுங்கள், கூடுதலாக இரண்டு பீஸோடு.

படி 3: வாங்க வேண்டியவை

38க்கு 38 செ.மீ. ஹீட் பிரஸ் ஒன்று, டெஃப்லான் ஷீட், பட்டர் பேப்பர், அளவு நாடா, சூடு பார்க்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர். அவ்வளவுதான். பிரஸ் நிறைய மின்சாரம் இழுக்கும். சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகாதீர்கள், ஒயர் உருகும். ஏ.சி.க்குப் போடுவது போல 16 ஆம்ப் பிளக் பாயிண்ட் தனியாக இழுத்துக்கொள்ளுங்கள்.

கைப்பணம் போதாதவர்கள் வங்கியில், சிறு தொழில்களுக்கான மத்திய அரசுத் திட்டமான முத்ரா கடன் கேட்கலாம். சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை தருகிறார்கள். பிரஸ்ஸுக்கும் முதல் சரக்குக்கும் பெரும்பாலும் அது போதும்.

படி 4: டிசைன் ஃபைல்

அச்சாகும் உண்மையான அளவில், 300 டி.பி.ஐ.யில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி), பின்னணி இல்லாத பி.என்.ஜி.யாக இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும். டாகுமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். அரை மில்லிமீட்டருக்கும் மெல்லிய கோடுகளில் பசைப் பவுடர் சரியாகப் பிடிக்காது, அவற்றைத் தடிமனாக்குங்கள். கணினித் திரையில் மின்னும் நியான் பச்சை பிரிண்டில் அப்படியே வராது என்பதையும் வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தமிழ் எழுத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். பி.என்.ஜி.யாக இல்லாமல் டிசைன் மென்பொருளின் ஃபைலாகவே அனுப்பினால், உங்கள் கணினியில் சரியாகத் தெரியும் வரி, பிரிண்ட் கடையின் கணினியில் அந்த ஃபாண்ட் இல்லாமல் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகப் பிய்ந்துவிடும். கோரல்டிரா என்ற டிசைன் மென்பொருளின் பழைய பதிப்புகளில் யூனிகோட் தமிழே உடையும். அப்படி அனுப்பும் முன் எல்லா எழுத்தையும் கர்வ்ஸாக, அதாவது ஃபாண்ட் தேவைப்படாத கோட்டு வடிவமாக, மாற்றிவிடுங்கள். பிறகு ஒற்று, ர-ற, ல-ள-ழ எல்லாவற்றையும் பொறுமையாகப் படியுங்கள். ஊர்த் திருவிழாச் சட்டையில் அம்மன் பெயர் பிழையாக வந்தால் அதை யாரும் போட மாட்டார்கள். இறுதி டிசைனை வாடிக்கையாளருக்கு அனுப்பி, "சரி, அடிக்கலாம்" என்று எழுத்தில் பதில் வாங்கியபிறகே பிரிண்டுக்குக் கொடுங்கள்.

படி 5: பிரஸ் போடுவது

பிரஸ்ஸை 155 டிகிரி செல்சியஸுக்கு வையுங்கள். டிஸ்ப்ளேயை மட்டும் நம்பாமல் தட்டின் நடுவிலும் நான்கு மூலையிலும் தெர்மாமீட்டரால் பாருங்கள். மலிவான பிரஸ்களில் மூலை குளிர்ந்திருக்கும், டிசைனின் ஓரம் அங்கேதான் உரியும்.

சட்டையை நேராக விரித்து 5 நொடி சும்மா அழுத்துங்கள். துணியிலிருக்கும் ஈரம் போகும், மழைக்காலத்தில் இதைத் தவறவே விடக் கூடாது. பிறகு சட்டையை நடுவில் மடித்துக் கோடு எடுத்து, கழுத்து ரிப்பிலிருந்து (கழுத்தைச் சுற்றியுள்ள பட்டை) மூன்று அங்குலம் கீழே டிசைனின் மேல் விளிம்பு வருமாறு பிலிமை வையுங்கள். கழுத்து ரிப், தோள் தையல் எதுவும் தட்டுக்குள் வரக் கூடாது. தையல் மேடாக நின்றால் பக்கத்தில் அழுத்தம் விழாது.

மிதமான அழுத்தத்தில் 12 முதல் 15 நொடி. இப்போது அவசரப்படாதீர்கள். பிலிம் கோல்ட் பீலா (ஆறியபின் உரிப்பது), ஹாட் பீலா (சூட்டோடு உரிப்பது) என்று கடையில் கேட்டு வைத்திருங்கள். கோல்ட் பீல் என்றால் கை வைத்தால் சூடே தெரியாத அளவுக்கு ஆறவிட்டு, ஒரு மூலையிலிருந்து துணியோடு ஒட்டினாற்போல் தாழ்வாக இழுங்கள். மேல்நோக்கி இழுத்தால் எழுத்து பிலிமோடு வரும். எங்காவது தூக்கினால் நிறுத்தி, பிலிமைத் திரும்பப் படியவைத்து மறுபடி அழுத்துங்கள்.

பிலிம் வந்ததும் மேலே பட்டர் பேப்பர் வைத்து இன்னொரு 8 நொடி. இரண்டாவது பிரஸ்தான் பிரிண்டைத் துணிக்குள் இறக்குகிறது. பிளாஸ்டிக் பளபளப்பும் குறையும். இதைச் செய்யாமல் நேரம் மிச்சப்படுத்துகிறவர்களின் சட்டைதான் சீக்கிரம் வெடிக்கும்.

சிவப்பு, மெரூன் பாலியஸ்டர் ஜெர்சியில் வெள்ளை எழுத்து போடும்போது சூட்டைக் குறைக்க வேண்டும். அதிகச் சூட்டில் துணியின் சாயம் மேலேறி வெள்ளை ரோஸ் நிறமாகிவிடும். 130 டிகிரியில் ஒரு சாம்பிள் போட்டு, ஒரு நாள் வைத்துப் பார்த்துவிட்டு மீதியை அடியுங்கள்.

புதிய பிலிம், புதிய துணி எது வந்தாலும் முதல் பீஸை உங்கள் வீட்டு வாஷிங் மெஷினில் பத்து முறையாவது போட்டு எடுத்துவிட்டுத்தான் விற்க வேண்டும்.

படி 6: விலை போடுவது

விலைகள் ஊருக்கு ஊர் மாறும், நான் போடுவது முறையைக் காட்டத்தான். பிளாங்க் பீஸ் 150 ரூபாய், 60 செ.மீ. அகல டி.டி.எஃப் மீட்டர் 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 27க்கு 36 செ.மீ. டிசைன் ஒரு மீட்டரில் நான்கு உட்காரும். ஆக, பிரிண்ட் 75 ரூபாய். கீழே மிஞ்சும் பட்டையில் மார்பு லோகோக்களை நிரப்பிவிடுங்கள், அவை காசில்லாமல் கிடைத்தவை. கவர், கரண்ட், போக்குவரத்து 15. உங்கள் கூலி 20. மொத்தம் 260. இதன்மேல் சேதாரத்துக்கு 5 சதவீதம், 13 ரூபாய். அடக்கம் 273.

350-க்கு விற்றால் பீஸுக்கு 77 ரூபாய் நிற்கும். நாற்பது பீஸ் ஆர்டரில் 3,080. தன் கூலியை அடக்கத்தில் சேர்க்காமல் 300-க்குக் கொடுப்பவர் பக்கத்துத் தெருவிலேயே இருப்பார். அவரோடு போட்டி போடாதீர்கள். துவைத்த சாம்பிளைக் கையில் கொடுங்கள், விலைக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது.

படி 7: ஆர்டர் எடுப்பது

கல்லூரி டிபார்ட்மெண்ட், பொங்கல் விளையாட்டுக் குழு, கபடி அணி, பள்ளி ஸ்போர்ட்ஸ் டே, உள்ளூர் டீக்கடை ஊழியர் சீருடை என உங்கள் ஊரிலேயே ஆர்டர் இருக்கிறது. தெரிந்தவர்களிலிருந்து தொடங்குங்கள்.

சைஸ்தான் தகராறின் வேர். ஒரு கடையின் எல் இன்னொரு கடையின் எம். ஒவ்வொரு சைஸிலும் ஒரு பிளாங்க் பீஸ் கொண்டுபோய்ப் போட்டுப் பார்க்கச் சொல்லி, பெயரோடு பட்டியல் வாங்குங்கள். பாதித் தொகை அட்வான்ஸ் கைக்கு வராமல் துணி எடுக்காதீர்கள். பெயர் அச்சிட்ட சட்டையை வேறு யாருக்கும் விற்க முடியாது.

நடிகர் படம், கிரிக்கெட் அணி லோகோ கேட்டு நிறையப் பேர் வருவார்கள். அனுமதியில்லாமல் அடித்து விற்பது சட்டப்படி சிக்கல். சொந்த டிசைனுக்கு அவர்களைத் திருப்புங்கள்.

படி 8: பதிவுகள்

சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு அரசின் இணையதளத்தில் இலவசம். அதற்குப் பணம் கேட்பவர்களிடம் போகாதீர்கள். தமிழ்நாட்டுக்குள் பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டும்வரை ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. பிறர் கொண்டுவரும் சட்டையில் அச்சு மட்டும் போட்டுக் கூலி வாங்கினால் அது சேவை, வரம்பு 20 லட்சம். பெங்களூருக்கு ஒரே ஒரு சட்டை விற்றாலும் பதிவு வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான ஆடைக்கு வரி 5 சதவீதம்.

டெலிவரியின்போது ஒவ்வொரு கவரிலும் ஒரு சின்னச் சீட்டு வையுங்கள்: முதல் துவைப்பு 24 மணி நேரம் கழித்து, சட்டையை உள்பக்கம் திருப்பி, குளிர்ந்த தண்ணீரில். பிரிண்ட் மேல் நேரடியாக அயர்ன் பெட்டி வைக்கக் கூடாது. டிசைன் ஃபைல், துணிக் கடை, லாட், சூடு, நொடி எல்லாவற்றையும் ஆர்டர் வாரியாக ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த வருடம் அதே குழு "போன தடவை மாதிரியே முப்பது பீஸ்" என்று போன் செய்யும்போது அந்தப் பக்கத்தைத் திருப்பினால் போதும்.