ரிவர்ஸ் லைட் எரியவில்லையா? முதலில் அந்த ஸ்பானரைக் கீழே வையுங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எதிர்வீட்டுத் தம்பி வந்து வாசலில் நின்றான். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் புத்தம்புது ரிவர்ஸ் சுவிட்ச், ரிவர்ஸ் கியர் போட்டதும் லைட்டை எரியவைக்க கியர்பாக்ஸில் மாட்டுவது. "அண்ணாச்சி, பெரிய ஸ்பானர் ஒண்ணு இருக்கா? ரிவர்ஸ் லைட் எரிய மாட்டேங்கு. சுவிட்ச் போயிட்டு."

வண்டி 2005 மாடல் மாருதி 800. எத்தனையாவது கையாக வந்ததோ, அவனிடம் வந்து இரண்டு மாதம்தான். அடுத்த மாதம் ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்ட வேண்டும், அதனால்தான் இந்த அவசரம். சுவிட்ச் போயிட்டுன்னு எப்படித் தெரியும் என்று கேட்டேன். பல்ப் நன்றாக இருக்கிறதாம், ஃபியூஸ் நன்றாக இருக்கிறதாம். "அப்போ சுவிட்ச்தானே அண்ணாச்சி?"

இதே கேள்வியை இதே தொனியில் மாதம் ஒருவராவது என்னிடம் கேட்கிறார்கள். 2006-ல் நானும் இப்படித்தான் நினைத்தேன். பல்ப் கருகியிருக்கிறதா பார், சாவியை ஆன் செய்தாயா பார் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை எழுதப் போவதில்லை. நான் செய்து காசு கொடுத்துக் கற்ற தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

சுவிட்ச்தான் என்று தீர்ப்பு எழுதுவது

தூத்துக்குடியில் நான் வண்டி எலக்ட்ரிக்கல் வேலைக்குத் தனியாகக் கடை போட்டு மூன்று மாதம் ஆகியிருந்த சமயம். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் தன்னுடைய 800-ஐக் கொண்டுவந்து விட்டார். ரிவர்ஸ் லைட் இரண்டும் எரியவில்லை. பல்பைப் பார்த்தேன், ஃபியூஸைப் பார்த்தேன், நேரே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் சுவிட்சை வாங்கி வந்துவிட்டேன்.

பழைய சுவிட்ச் கியர்பாக்ஸின் பக்கவாட்டில் அழுக்குக்குள் புதைந்து கிடந்தது. கழற்றியதும் கியர் ஆயில் முழங்கை வரை வழிந்தது. அந்த ஆயிலுக்கென்று ஒரு கந்தக நாற்றம் உண்டு, இரண்டு நாளைக்குச் சோற்றிலும் அதே வாடைதான். பழைய சுவிட்சோடு ஒட்டியிருந்த வாஷரைக் கவனிக்காமல் சுவிட்சோடு சேர்த்துத் தூக்கிப் போட்டுவிட்டேன். புதியதில் வாஷர் இல்லை. மாட்டினேன், ஓரத்தில் லேசாக ஆயில் கசிந்தது. இன்னும் கால் சுற்று இறுக்கினேன், கசிவு நிற்கவில்லை. இன்னும் கால் சுற்று. கையில் இருந்த கனம் சட்டென்று காணாமல் போனது. ஸ்பானர் பிடித்தவர்களுக்குத் தெரியும், அந்த ஒரு நொடியில் வயிற்றுக்குள் என்ன நடக்கும் என்று. கியர்பாக்ஸ் கூடு அலுமினியம். மரை போய்விட்டது.

அப்புறம் என்ன, மெக்கானிக் ஒருவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, கியர்பாக்ஸை இறக்கி, லேத் பட்டறைக்குக் கொண்டு போய்ப் புது மரை போட்டு, திரும்ப ஏற்றி, புது ஆயில் ஊற்றி முடிக்க நாலு நாள். வாத்தியாரிடம் நான் பேசியிருந்த கூலி 150 ரூபாய், என் கையிலிருந்து போனது இரண்டாயிரத்துக்கு மேல். இதில் கொடுமை இனிமேல்தான். நாலாம் நாள் சாயங்காலம் சாவியைத் திருப்பி ரிவர்ஸ் கியர் போட்டேன். லைட் எரியவில்லை.

டிக்கிக்குள் இடது பக்க டெயில் லாம்ப்புக்குப் பின்னால், தகரத்தில் ஒரு போல்ட்டும் அதன் கீழ் மாட்டிய கறுப்பு வயரும். அதுதான் எர்த், கரண்ட் வண்டித் தகரம் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் வழி. எங்கள் ஊர் உப்புக் காற்றில் அந்தப் போல்ட் துருவும் களிம்புமாகப் பூத்து நின்றது. உப்புத்தாளால் நாலு தேய், பளபளவென்று தகரம் தெரிந்ததும் திரும்ப முறுக்கினேன், லைட் எரிந்துவிட்டது. பத்து நிமிஷம் ஆகியிருக்காது. வாத்தியார் திட்டவில்லை. "இதை முதல்லயே பாத்திருக்கலாம்லா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால்கூட இந்நேரம் மறந்திருப்பேன்.

ரிவர்ஸ் லைட்டின் பாதையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பேட்டரியிலிருந்து சாவிக்கு, சாவியிலிருந்து ஃபியூஸுக்கு, அங்கிருந்து கியர்பாக்ஸில் இருக்கும் சுவிட்சுக்கு, அப்புறம் வண்டியின் முழு நீளத்துக்கும் ஓடி டிக்கிக்கு, பல்புக்கு, கடைசியில் எர்த்துக்கு. வழியில் எத்தனை கப்ளர் (வயரோடு வயரைச் செருகும் பிளாஸ்டிக் இணைப்பு), எத்தனை மடிப்பு, எத்தனை எலி. இத்தனையையும் விட்டுவிட்டு, கை எட்டாத இடத்தில், ஆயிலுக்குள், அலுமினிய மரையில் உட்கார்ந்திருக்கும் ஒன்றை முதலில் கழற்றுவது ஏன் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை, நான் செய்ததும் உட்பட.

சுவிட்ச் நல்லதா கெட்டதா என்று தெரிந்துகொள்ள அதைக் கழற்றவே வேண்டாம். அந்தச் சுவிட்ச் செய்யும் வேலை ஒன்றே ஒன்றுதான்: ரிவர்ஸ் கியர் விழுந்ததும் உள்ளே இருக்கும் முனை அழுந்தி இரண்டு வயரைச் சேர்த்து வைக்கும். ஆகவே சுவிட்சிலிருந்து வரும் வயரைப் பிடித்துக்கொண்டே போய் அதன் கப்ளரைப் பிரியுங்கள். வண்டிப் பக்கக் கப்ளரின் இரண்டு ஓட்டையையும் ஒரு துண்டு வயரால் சேர்த்து, சாவியை ஆன் செய்யுங்கள். பின்னால் லைட் எரிந்தால் குற்றவாளி சுவிட்ச்தான், அல்லது சுவிட்சை அழுத்தும் கியர் பக்கம். எரியவில்லை என்றால் சுவிட்ச் மேல் இப்போதைக்குப் பழி இல்லை. அந்தக் கப்ளருக்கு 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் பின்பக்கம் போங்கள், வராவிட்டால் ஃபியூஸ் பக்கம். ஆனால் பெட்ரோல் இன்ஜெக்ஷன் வந்தபிறகு வந்த வண்டிகளில் அந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறு கப்ளர்களும் தொங்கும். சுவிட்சிலிருந்து வருவதுதானா என்று உறுதி செய்யாமல் எதையும் எதோடும் சேர்க்காதீர்கள்.

உண்மையிலேயே சுவிட்ச்தான் என்றால், வாஷர் விஷயத்தில் சோம்பல் படாதீர்கள். அது ஆயில் கசியாமல் இருக்க மட்டும் இல்லை, சுவிட்ச் எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்பதையும் அதுதான் தீர்மானிக்கிறது. தடித்த வாஷரோ இரண்டு வாஷரோ போட்டால் முனை எட்டாது, புது சுவிட்சும் எரியாது. வாஷர் இல்லாமல் போட்டால் நியூட்ரலிலேயே எரிந்தாலும் எரியும். முதல் சில சுற்றுகளைக் கையாலேயே போடுங்கள். கையில் போகாதது ஸ்பானரில் போனால், அது மரையைத் தின்றுகொண்டு போகிறது என்று அர்த்தம்.

மீட்டர் 12 காட்டியதும் நம்பிவிடுவது

மேலே சொன்னதற்கு அண்ணன் தம்பி முறை இந்தத் தவறு. ஹோல்டரிலிருந்து பல்பைக் கழற்றிவிட்டு மல்டி மீட்டரை வைக்கிறார்கள், 12 காட்டுகிறது, "கரண்ட் வருது, எர்த்தும் இருக்கு, ஆனா எரியல" என்று தலையைச் சொறிகிறார்கள்.

ரிவர்ஸ் லைட் பல்ப் 21 வாட். 12 வோல்ட்டில் கிட்டத்தட்ட 1.75 ஆம்பியர் இழுக்கும், இரண்டு பல்ப் என்றால் மூன்றரை. மீட்டர் இழுப்பது ஒன்றுமே இல்லை. பத்து இழையில் ஒன்பது அறுந்து ஒரே ஒரு இழையில் தொங்கும் வயரில்கூட மீட்டருக்கு வேண்டிய கரண்ட் தாராளமாக வரும், அதுவும் 12 காட்டும். பல்பை மாட்டினால்தான் அந்த வயரின் லட்சணம் தெரியும்.

ஆகவே பல்பை மாட்டி, ரிவர்ஸ் கியரில் வைத்துக்கொண்டு அளவெடுங்கள். மீட்டரின் கறுப்பு முனை நேராகப் பேட்டரி நெகட்டிவில் (நீள வயர் ஒன்று வேண்டியிருக்கும்), சிவப்பு முனை பல்பின் பித்தளை உடம்பில். எர்த் நல்லதென்றால் கிட்டத்தட்ட பூஜ்யம் வரும். ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் என்று ஏறினால் எர்த் அழுகியிருக்கிறது. எட்டு, பத்து வந்தால் எர்த் பெயருக்குத்தான் இருக்கிறது. அதே சிவப்பு முனையைப் பல்புக்கு வரும் வயரில் வைத்து, அங்கே 12-க்குப் பதில் ஆறோ ஏழோ வந்தால் பழுது வரும் வழியில் இருக்கிறது. இது பெரிய வித்தை ஒன்றும் இல்லை, ஆனால் இதைச் செய்பவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

மீட்டர் இல்லாமலே எர்த்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பிரேக்கை மிதித்தால் ரிவர்ஸ் லைட் மங்கலாக எரிகிறதா? இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட்டும் கூடவே துடிக்கிறதா? போக வேண்டிய எர்த் அடைபட்டு, கரண்ட் பக்கத்து பல்ப் வழியாக வேறு வழி தேடுகிறது என்று அர்த்தம். நேராக அந்தப் போல்ட்டுக்குப் போங்கள்.

எல்.இ.டி. போட்டு "சரியாயிட்டு" என்பது

சாதா பல்ப் எரியாத இடத்தில் எல்.இ.டி. பல்ப் போட்டால் பல சமயம் எரியும். உடனே சந்தோஷம். இரண்டு மூன்று வாட்தான் இழுக்கிறது, அழுகிய வயரிலும் அது எரியத்தான் செய்யும். வயர் அப்படியேதான் இருக்கிறது, அடுத்த மழைக்காலத்தில் அந்த ஒற்றை இழையும் போகும். எல்.இ.டி. வேண்டாம் என்று சொல்லவில்லை, வயரைச் சரிசெய்த பிறகு போடுங்கள். ஆனால் வெள்ளைதான். நீலம் போட்டுக்கொண்டு வராதீர்கள்.

ஃபியூஸைப் பெரிதாக்குவது

ஆம்பியர் கூடுதலான ஃபியூஸைப் போட்டு வயர் எரிந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம்.

ரிவர்ஸ் ஹாரன் மாட்டியவர் விட்டுப்போன முடிச்சு

ரிவர்ஸ் எடுத்தால் பாட்டுப் பாடும் ஹாரன் ஒரு காலத்தில் எல்லா வண்டியிலும் இருந்தது. அதற்கு ரிவர்ஸ் லைட் வயரில்தான் கரண்ட் எடுப்பார்கள். அதே இடத்தில் பிற்பாடு சென்சார், அதற்கும் பிற்பாடு கேமரா. ஒவ்வொருவரும் வயர் தோலைப் பிளேடால் சீவி, நாலு சுற்றுச் சுற்றி, டேப்பை ஒட்டிவிட்டுப் போயிருப்பார்கள். பத்து வருடத்தில் டேப் பசை இளகிக் கழன்றுவிடும், உள்ளே செம்பு பச்சையாகிவிடும். பழைய வண்டி வாங்கினால் டிக்கி ஓரத்து மேட் விரிப்பைத் தூக்கி, கறுப்பு டேப் சுற்றிய இடம் எல்லாவற்றையும் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். வேண்டாத வயரை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை ஈயம் வைத்துச் சேருங்கள். நான் ஒரு மாருதி ஆம்னி வேனில் ஒரு அடி நீள வயரில் ஐந்து முடிச்சு பார்த்திருக்கிறேன், அதில் இரண்டு எங்கேயும் போகவில்லை.

டபுள் காண்டாக்ட் பல்பைத் திணிப்பது

டெயில் லைட்டுக்கும் பிரேக் லைட்டுக்கும் சேர்த்து ஒன்றாக வரும் டபுள் காண்டாக்ட் பல்பின் பக்கவாட்டில் நீட்டும் இரண்டு காதும் ஒரே மட்டத்தில் இருக்காது, ரிவர்ஸ் பல்பில் இருக்கும். உள்ளே போகவில்லை என்றால் அது வேறு பல்ப், பலத்தைக் காட்டாதீர்கள்.

டாஷ்போர்டில் தனி சுவிட்ச் வைப்பது

எல்லாம் தோற்றபின் சிலர் பேட்டரியிலிருந்து நேராக ஒரு வயர் இழுத்து, டாஷ்போர்டில் ஒரு சுவிட்ச் வைத்துவிடுகிறார்கள். அணைக்க மறந்து நெடுஞ்சாலையில் வெள்ளை லைட்டோடு போகும் வண்டிக்குப் பின்னால் ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆர்.டி.ஓ. ஆபீசிலும் கியரைப் போட்டுக் காட்டு என்றால் முழிக்க வேண்டியதுதான். அந்த வயரில் பெரும்பாலும் ஃபியூஸும் இருக்காது.

இன்ஜினை ஓடவிட்டு ரிவர்ஸ் கியரில் சோதிப்பது

பின்னால் குனிந்து பல்பைப் பார்ப்பது உங்கள் வீட்டுப் பையன். சாவியை ஆன் செய்தால் போதும், ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஹேண்ட் பிரேக்கும் சக்கரத்துக்கு ஒரு கல்லும்.

தம்பி வண்டிக்கு வருவோம். ஸ்பானர் கொடுக்கவில்லை. கப்ளரில் துண்டு வயரைச் செருகினோம், எரியவில்லை. டிக்கியைத் திறந்து மேட் விரிப்பைத் தூக்கினால் அதே இடம், அதே போல்ட், அதே பச்சை. பக்கத்திலேயே முன்னாள் ஓனர் மாட்டிய ஹாரன் வயர் ஒன்று ஆணியடித்த மாதிரித் தகரத்தில் ஒட்டிக் கிடந்தது, அதையும் வெட்டி எறிந்தோம். தேய்த்து முறுக்கியதும் இரண்டு பக்கமும் எரிந்தது.

மறுநாள் சுவிட்சைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்குப் போயிருக்கிறான். கவரைப் பிரித்த எலக்ட்ரிக்கல் சாமானைத் திரும்ப எடுக்க மாட்டார்களாம்.