தாம்பரம் முதல் சென்ட்ரல் வரை: சைக்கிளைக் கெடுக்கும் 30 கிலோமீட்டர்

மதுரையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் சைக்கிளோடு ரயிலேறி, டில்லி போய், அங்கிருந்து மணாலி, லே என்று மிதிக்கக் கிளம்புகிற பிள்ளைகள் இப்போது நிறையப் பேர். ரயில் டிக்கெட், கூடாரம், ஸ்டவ், மலையில் மூச்சு வாங்கினால் என்ன மாத்திரை என்பது வரைக்கும் மாதக்கணக்கில் யோசித்திருப்பார்கள். நடுவில் சென்னை என்று ஒரு ஊர் இருக்கிறது, அங்கே ஒரு நிலையத்தில் இறங்கி இன்னொரு நிலையத்துக்குப் போய் ஏற வேண்டும் என்பதை மட்டும் ‘அதைப் போய்ப் பாத்துக்கலாம்’ என்று விட்டுவிடுவார்கள். ரயிலில் மூட்டை முடிச்சு ஏற்றுகிற பெட்டியான பிரேக் வேனில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பத்திரமாகப் போய்ச் சேருகிற வண்டி, அடிபடுவதெல்லாம் பெரும்பாலும் ஊருக்குள் போகிற இந்தக் கொஞ்ச தூரத்தில்தான். ஆரம்பத்தில் நானும் இப்படித் திரிந்தவன்தான். அதனாலேயே இப்போது பார்க்கும்போது பாவமாகவும் இருக்கிறது, எரிச்சலாகவும் வருகிறது.

பெடலை எந்தப் பக்கம் திருப்பிக் கழற்றுவது, பூட்டு எடுத்துக்கொள்வது, மழைக்கு உறை போடுவது இதெல்லாம் இங்கே இல்லை. அதை எல்லோரும் சொல்லியாகிவிட்டது.

லேபிளில் ‘சென்னை’ என்று மட்டும் எழுதுவது

ரயில்வேக்கு சென்னை என்று ஒரு நிலையம் கிடையாது. எழும்பூர் என்றால் எம்.எஸ்., சென்ட்ரல் என்றால் எம்.ஏ.எஸ்., தாம்பரம் என்றால் டி.பி.எம். மூட்டைகளை ஏற்றி இறக்குகிறவர்கள் பார்ப்பது இந்த எழுத்துகளைத்தான், உங்கள் பெயரை அல்ல. ஒரு அட்டையில் நிலையத்தின் குறியீட்டையும் ரயில் எண்ணையும் கைப்பேசி எண்ணையும் கொட்டை எழுத்தில் எழுதி ஃபிரேமிலேயே கட்டுங்கள். சாக்கில் ஒட்டாதீர்கள், சாக்கு கிழிந்தால் முகவரியும் போயிற்று.

தாம்பரத்தில் இறங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பது

எழும்பூர் போகிற ரயிலில் சைக்கிளை லக்கேஜில் போட்டுவிட்டு, அண்ணன் வீடு குரோம்பேட்டையில்தானே என்று தாம்பரத்தில் இறங்கிவிடுவார்கள். இரண்டு நிமிடம் நிற்கிற இடத்தில் வேனைத் திறந்து, மூட்டைகளை விலக்கி, உங்கள் வண்டியைத் தேடி எடுத்துக் கொடுக்க யாருக்கும் நேரமில்லை. அது எழும்பூருக்குப் போய்விடும். நீங்களும் ரசீதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போக வேண்டும். ரயில் கடைசியாக நிற்கும் நிலையத்துக்கே புக் செய்து, அங்கேயே இறங்குங்கள்.

இன்னொன்று. டிக்கெட்டைக் காட்டி லக்கேஜாக புக் செய்தால் நீங்கள் போகிற அதே ரயிலில் வண்டியும் வரும். டிக்கெட் இல்லாமல் பார்சலாகப் போட்டால் இடமிருக்கிற ரயிலில் வரும், அது எப்போது என்று யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள். கவுண்டரில் ‘சைக்கிள் அனுப்பணும்’ என்று மொட்டையாகச் சொன்னால் பார்சல் படிவத்தை நீட்டிவிடுவார்கள். ‘இந்த டிக்கெட்ல நானும் போறேன், லக்கேஜா போடுங்க’ என்று சொல்லுங்கள்.

இரண்டு ரயிலுக்கும் நடுவே இரண்டு மணி நேரம் விடுவது

போதாது. வண்டி இறங்க வேண்டும், ரசீது காட்டி வாங்க வேண்டும், ஊரைக் கடக்க வேண்டும், அடுத்த நிலையத்தில் மறுபடி புக் செய்ய வேண்டும். அரை நாள் விடுங்கள்.

செயின் பக்கம் கீழே போட்டுப் படுக்கவைப்பது

இதை எழுதத்தான் உட்கார்ந்தேன். மற்றதெல்லாம் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது.

காட்சி எப்போதும் ஒன்றுதான். தாம்பரத்தோடு முடிகிற ரயிலில் வந்து இறங்கினால் நிலையத்துக்கு வெளியே குட்டி யானை ஒன்று நிற்கும், சென்ட்ரலுக்கு வாடகை பேசி முடித்ததும் டிரைவர் சைக்கிளை வாங்கிப் பின்னால் படுக்கவைப்பார், எந்தப் பக்கம் கைக்கு வாகாக வந்ததோ அந்தப் பக்கம் கீழே. அதன் மேலேயே, கேரியரின் இரண்டு பக்கமும் தொங்கவிடுகிற பானியர் பை இரண்டு, ஒரு கூடாரம், சமயத்தில் கூட வந்த நண்பனின் சைக்கிள். ‘அண்ணே, பாத்து வைங்கண்ணே’ என்று பயணி ஒரு வார்த்தை சொல்வார். ‘ஃபிரிட்ஜே ஏத்துறோம் சார், சைக்கிளுக்கு என்ன ஆகப்போவுது.’ அவர் பேரில் தப்பில்லை. ஃபிரிட்ஜில் வெளியே துருத்திக்கொண்டு தொங்குகிற உறுப்பு எதுவும் கிடையாது.

சைக்கிளில் இருக்கிறது. பின் சக்கரத்தின் வலது பக்கம், கியர் மாற்றுவதற்காகத் தொங்குகிற டீரெய்லர், கடைகளில் ஆர்.டி. என்பார்கள். அதை ஃபிரேமோடு பிடித்திருப்பது ஹேங்கர் என்கிற சின்ன அலுமினியத் துண்டு, விரல் நீளம்தான் இருக்கும். அடிபட்டால் ஃபிரேம் உடையாமல் தான் வளைந்துகொள்ளட்டும் என்று வேண்டுமென்றே மென்மையாகச் செய்யப்பட்டது. வலது பக்கம் கீழே இருக்கும்படி வண்டியைப் படுக்கவைத்தால் அந்தப் பக்கத்து எடை முழுக்க ஆர்.டி.யின் முதுகில் இறங்கும். பல்லாவரம் வருவதற்குள் நாலு பள்ளம் போதும்.

இதில் கொடுமை என்னவென்றால், வளைந்தது வெளியே தெரியாது. பெயின்ட் உரிந்திருக்காது, எதுவும் உடைந்திருக்காது. இறக்கி இரண்டு சுற்று மிதித்துப் பார்த்தால் சக்கரம் சுற்றும், செயின் ஓடும், கியர் லேசாகக் கடகடவென்று சத்தம் போடலாம். உடனே ஒருவர் கேபிள் திருகைக் கால் சுற்றுத் திருப்பி ‘சரியாப்போச்சு’ என்பார். சத்தம் நின்றுவிடும், வளைவு அப்படியே இருக்கும்.

எனக்குத் தெரிந்த ஒருவருக்கு நடந்தது. இந்தமாதிரி சென்னையைக் கடந்து, டில்லி போய், மணாலியில் வண்டியின் பாகங்களைப் பூட்டிக் கடைத்தெருவில் இரண்டு ரவுண்டு அடித்தார். அருமையாக ஓடியது. சமதரையில் யார் ஏற்றத்துக்கான கடைசி கியர் போடுகிறார்கள்? மறுநாள் ரோத்தாங் கணவாய் ஏற்றம். மணாலி இருப்பது சுமார் 2,000 மீட்டரில், கணவாய் 3,978 மீட்டரில். வழியில் இருக்கிற மர்ஹிக்கு முன்னால் ஒரு வளைவில், கால் தளர்ந்து பின்சக்கரத்தின் பெரிய பல்லுக்குச் செயினைத் தள்ளியிருக்கிறார். உள்பக்கம் சாய்ந்திருந்த ஆர்.டி. ஸ்போக்ஸுக்குள் போய்ச் சிக்கி, சக்கரம் அந்த இடத்திலேயே பூட்டிக்கொண்டது. ஹேங்கர் முறிந்து, ஆர்.டி. இரண்டாகி, மூன்று ஸ்போக்ஸ் அறுந்து, ஒரு லாரிக்காரர் ஏற்றிக்கொண்டு கீழே விட்டார். ஒரு ஹேங்கர் சில நூறு ரூபாய்தான். ஆனால் அது ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறும், நூற்றுக்கணக்கான வடிவங்கள் இருக்கின்றன, அவருடைய ஃபிரேமுக்கு உரியது மணாலியில் ஒரு கடையிலும் இல்லை. வருஷம் முழுக்கச் சேர்த்து வைத்த லீவு அத்தோடு முடிந்தது. வீட்டுக்கு வந்து அவர் சொன்னது: ‘அந்த ரோடு மோசம்ப்பா.’ ரோடு என்ன செய்யும்? வேலை தாம்பரத்திலேயே முடிந்துவிட்டதே.

அவருக்குச் சொல்லிப் புரியவைத்தேன், அவருக்கு அடுத்து வந்தவர்களுக்கும் சொன்னேன். இப்போதும் மாதம் ஒருவராவது செயின் பக்கம் கீழே போட்ட வண்டியின் படத்தை ‘பயணம் ஆரம்பம்’ என்று பெருமையாக அனுப்புகிறார்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். முடிந்தவரை வண்டியை நிற்கவைத்துக் கட்டுங்கள்: குட்டி யானையின் பக்கவாட்டுக் கம்பியோடு சேர்த்து, சீட்டுக்குக் கீழே ஓடுகிற குழாயில் ஒரு கட்டு, முன்சக்கரத்தில் ஒரு கட்டு. கட்டுவதற்குப் பழைய டியூப் மாதிரி எதுவும் வராது, இழுத்துக் கட்டினால் நழுவாது, பெயின்டையும் அறுக்காது. படுக்கவைத்தே ஆக வேண்டுமென்றால் செயின் பக்கம் வானத்தைப் பார்க்க வேண்டும், மேலே எதையும் வைக்கக் கூடாது. கியரைப் பெரிய பல்லில் போட்டுவிட்டால் ஆர்.டி. உள்ளே ஒதுங்கிக்கொள்ளும். இன்னும் நல்லது, 5 மி.மீ. ஆலன் கீ வைத்து ஆர்.டி.யையே கழற்றி, பழைய துணியில் சுற்றி, ஃபிரேமின் பின்பக்க முக்கோணத்துக்கு உள்ளே கட்டிவிடுவது. கேபிளைக் கழற்ற வேண்டியதுகூட இல்லை.

இறக்கியதும் வண்டிக்குப் பின்னால் போய்க் குத்தவைத்து உட்காருங்கள். கண் பின்சக்கரத்தின் பல் உயரத்துக்கு வர வேண்டும். ஆர்.டி.யின் இரண்டு சின்னச் சக்கரங்களும் மேலே செயின் ஓடுகிற பல்லுக்கு நேர் கீழே ஒரே கோட்டில் தொங்கினால் சரி. கீழ்ச் சக்கரம் ஸ்போக்ஸ் பக்கம் கொஞ்சம் ஒதுங்கியிருந்தாலும் ரயிலேறாதீர்கள். சென்னையில் நல்ல சைக்கிள் கடைகளில் ஹேங்கரை நிமிர்த்துகிற கருவி இருக்கிறது, சின்ன வேலை. ஒருமுறை நிமிர்த்திய அலுமினியம் பழைய பலத்தோடு இருக்காது என்பதால் உங்கள் ஃபிரேம் மாடலைச் சொல்லி இன்னொரு ஹேங்கர் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இரும்பு ஃபிரேமில், ஹேங்கர் ஃபிரேமோடு சேர்ந்தே வருகிற வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை பாதிதான், அதை எந்த ஊர்ப் பட்டறையிலும் நிமிர்த்திவிடலாம்.

முன்சக்கரம் கழற்றிய ஃபோர்க்கை வெறுமனே விடுவது

ஆட்டோவில் திணிக்க சக்கரத்தைக் கழற்றினால், அதைப் பிடித்திருக்கிற ஃபோர்க்கின் இரண்டு முனைகளுக்கும் நடுவே முட்டுக் கொடுங்கள். புது சைக்கிள் பெட்டியோடு வருகிற பிளாஸ்டிக் முட்டுகளைக் கடையில் குப்பையில்தான் போடுகிறார்கள், கேட்டால் சும்மா தருவார்கள். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் என்றால், சக்கரம் வெளியே இருக்கும்போது பிரேக் பிடியை யாரும் அமுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிரேக் பேடுகள் ஒட்டிக்கொள்ளும்.

டயர் காற்றை முழுக்க இறக்குவது

வேண்டாம். ரிம் அடிவாங்கும்.

காலை ஒன்பது மணி மின்சார ரயில்

தாம்பரம் கடற்கரை ரயிலில் வெண்டர் பெட்டி உண்டு, மீன் கூடையும் பூ மூட்டையும் ஏறுகிற பெட்டி. லக்கேஜ் சீட்டு வேண்டுமென்று கவுண்டரில் கேட்டு வாங்கிக்கொண்டு, கூட்டமில்லாத நேரத்தில் அதில் ஏறுங்கள். கூடை வைத்திருக்கிற அம்மாக்களிடம் ‘அம்மா, கொஞ்சம் ஓரமா நிறுத்திக்கட்டுமா’ என்று முதலிலேயே கேட்டுவிட்டால் அவர்களே இடம் செய்து கொடுப்பார்கள். கேட்காமல் வண்டியை நடுவில் நிறுத்தினால் பூங்கா நிலையம் வரை திட்டு வாங்கலாம். ஆபீஸ் நேரத்தில் இந்தப் பேச்சே வேண்டாம். பூங்காவில் இறங்கிச் சாலையைத் தாண்டினால் சென்ட்ரல், ஆனால் படிக்கட்டில் தூக்கி நடக்க வேண்டியிருக்கும். அதனால் பானியர்களைத் தோளில் மாட்டுகிற மாதிரி முன்பே கட்டிவையுங்கள்.

மெட்ரோ

கொச்சி மெட்ரோ 2020இல் சைக்கிளை உள்ளே விட்டது. அந்தச் செய்தியை வைத்துக்கொண்டு இங்கே முழு சைக்கிளோடு போய் நிற்காதீர்கள். மடிக்கிற சைக்கிளை மடித்துப் பையில் போட்டு, அந்தப் பையும் வாசலில் இருக்கிற ஸ்கேனருக்குள் நுழைகிற அளவாக இருந்தால் முயற்சி செய்யலாம்.

மாநகரப் பேருந்து

கண்டக்டரிடம் கேட்கவே கேட்காதீர்கள்.

மிதிக்க வேண்டிய தூரத்துக்கு வண்டி பிடிப்பது

எழும்பூரில் இறங்கி சென்ட்ரல் போக ஆட்டோ தேடுகிறவர்களைப் பார்க்கும்போது என்ன சொல்வதென்றே தெரியவில்லை. இரண்டு கிலோமீட்டர்தான். நிலையத்தின் பின்பக்கமாக வெளியே வந்தால் ஈ.வெ.ரா. பெரியார் சாலை, அதில் ரிப்பன் மாளிகையைத் தாண்டினால் சென்ட்ரல். மிதித்தால் பத்து நிமிடம், தள்ளிக்கொண்டு போனாலும் அரை மணிதான். தாம்பரத்திலிருந்தும் அப்படித்தான். தெற்கேயிருந்து வருகிற ரயில்கள் பல விடியற்காலையில் வந்துவிடுகின்றன, ஐந்து மணிக்கு ஜி.எஸ்.டி. சாலை உங்களுக்காகவே காலியாக இருக்கும். கத்திப்பாரா, கிண்டி, அண்ணா சாலை என்று போனால் ஏழரைக்குள் சென்ட்ரல் வாசலில் டீ குடிக்கலாம். இதற்காகவே சைக்கிளைப் பிரித்துப் பெட்டியில் போடாமல், பெடலையும் ஹேண்டில்பாரையும் மட்டும் திருப்பி வைத்து, அட்டையும் சாக்கும் சுற்றி புக் செய்யுங்கள், சாக்கைப் பிரித்துப் பூட்டப் பத்து நிமிடம் போதும்.

இன்னும் கோயம்பேட்டை நம்பிக்கொண்டிருப்பது

ஆம்னி பஸ் டிக்கியில் சைக்கிளைப் போட்டு வருகிறவர்களுக்கு இது. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்த பிறகு, தெற்கே போய்வருகிற பஸ்களுக்கு அதுதான் எல்லை என்றாகிவிட்டது. அது தாம்பரத்துக்கும் தெற்கே, வண்டலூரைத் தாண்டி. பழைய கணக்கில் கோயம்பேட்டிலிருந்து சென்ட்ரல் எவ்வளவு நேரம் என்று பார்த்து ரயில் பிடிக்கத் திட்டம் போட்டால் ரயில் போய்விடும். ஏறும்போதே கடைசியாக எங்கே இறக்கிவிடுவீர்கள் என்று கிளீனரிடம் கேளுங்கள். அப்படியே, டிக்கியில் செயின் பக்கம் மேலே இருக்கிறதா என்று குனிந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.